அறுபத்தெட்டாம் நம்பர் எண்ணெய்

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே அடுப்படியில் நின்றால் என்றைக்காவது கரண்டி பறக்கும் என்று பார்ப்பவர்கள் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். பதினோரு வருஷமாகியும் அந்த வீட்டில் ஒரு கரண்டியும் பறக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரியவளுக்குச் சின்னவள் என்றால் உயிர். சின்னவளோ அக்காவைக் கேட்காமல் ஒரு தலையணை உறைகூட வாங்கமாட்டாள். கடைசியில் சண்டை என்று ஒன்று வந்தபோது அது அடுப்படி வழியாக வரவில்லை. கீழே கடை வழியாக வந்தது.

கீழே கடை, மேலே வீடு. கடையில் விற்பது மெஷின் எண்ணெய். தையல் மெஷினுக்கு, லேத்துக்கு, லாரிக்கு, பிளாஸ்டிக் அச்சு மெஷினுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு டிரம். நம்பர் ஏற ஏற எண்ணெய் கெட்டி. கடையின் பின்பக்கம் நாலு படி இறங்கினால் டிரம் அறை. ஜன்னல் கிடையாது. வெயில் கொளுத்தும் நாளிலும் அங்கே சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். பெரியவர், அதாவது அண்ணன், சரக்கு வாங்குவார், தரம் பார்ப்பார், வருகிறவர்களிடம் பேசுவார். தம்பி டிரம்மிலிருந்து கேனில் பிடித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

பெண்கள் இருவருக்கும் மாடியில் வேலை. தையல் மெஷின் எண்ணெயைச் சின்னப் பாட்டில்களில் நிரப்பி, மூடி திருகி, லேபிள் ஒட்டவேண்டும். உயரத்தில் ஒரு தகர டப்பா, அதன் அடியில் பேனா மூடி கனத்தில் ஒரு குழாய். பெரியவள் குழாயைத் திறப்பாள், மூடுவாள். சின்னவள் பாட்டிலை நகர்த்துவாள். நிரம்புகிறதா என்று பாட்டிலையே முறைத்துக்கொண்டிருந்தால் பேசமுடியாதே! அதனால் கணக்கைக் காலிடம் கொடுத்துவிட்டார்கள். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், பெரியவளின் கால் பெருவிரல் தரையில் தட்டித் தட்டி எண்ணும். இருபது தட்டினால் ஒரு பாட்டில். ஒரு சொட்டு வழியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெரியவள் கடைக்கு டீ எடுத்துக்கொண்டு இறங்கினாள். கடையில் நல்ல கூட்டம். லேத் பட்டறைக்காரர், லாரி டிரைவர் ஒருவர், தையல் மெஷின் எண்ணெய் வாங்க வந்த இரண்டு பெண்கள். கல்லாவுக்கு முன்னால் வாளிக் கம்பெனி போர்மேன் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் வாளி அடிக்கிற கம்பெனி அது. பத்து நாளுக்கு முன்னால்தான் அச்சு மெஷினுக்கு அறுபத்தெட்டாம் நம்பர் எண்ணெய் வாங்கிப்போயிருந்தார்கள். தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தது.

"மெஷின் கொதிக்குதுங்க. அழுத்தமே நிக்கல. விழற வாளியெல்லாம் அரைகுறை வாயோட விழுது" என்று சொல்லி, போர்மேன் ஒரு பாட்டிலை மேஜையில் வைத்தார். "இப்பத்தான் மெஷின்லேர்ந்து பிடிச்சேன். நீங்களே பாருங்க, தண்ணி மாதிரி இருக்கு."

பெரியவர் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டை வலது கட்டைவிரலில் விட்டு, ஆள்காட்டி விரலால் தேய்த்தார். அவருடைய விரல் அந்தத் தெருவில் பேர்போனது. தேய்த்துப் பார்த்து எண்ணெயின் நம்பரைச் சொல்லிவிடுவார். அதைப் பார்க்கவே சிலர் கடைக்கு வருவதுண்டு. அவருக்கும் அது தெரியும். அதனால் கூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானமாகத் தேய்ப்பார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். உள்ளே போய் அறுபத்தெட்டு டிரம்மில் ஒரு சொட்டு எடுத்து வந்து இடது கையில் தேய்த்தார். முகம் மாறியது.

"டேய், இங்க வா."

தம்பி கேனைக் கீழே வைத்துவிட்டு வந்தான்.

"அறுபத்தெட்டு கேட்டவருக்கு முப்பத்திரண்டு ஊத்திட்டு வந்திருக்க."

"இல்லண்ணே. மூடியில நம்பரைப் பாத்துத்தான் பிடிச்சேன்."

"அப்ப என் விரல் பொய் சொல்லுதா?"

"விரலைச் சொல்லலண்ணே. நான் அறுபத்தெட்டுதான் பிடிச்சேன்."

"கண்ணை எங்கடா வச்சிருந்த? இத்தனை வருஷம் சேத்த பேரு, ஒரு கேன்ல போயிரும் போலிருக்கே. உன்னை நம்பி ஒரு வேலையை விடமுடியாதா? இனிமே நீ டிரம்மைத் தொடாத!"

லேத் பட்டறைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். தம்பி இடுப்பிலிருந்த டிரம் அறைச் சாவியை எடுத்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாடி ஏறிவிட்டான். டீயை வைத்துவிட்டுப் படியில் நின்ற அண்ணியைத் தாண்டும்போதுகூட நிமிரவில்லை. பெரியவளுக்கு, அந்தச் சூடான டீயைத் தன் புருஷன் தலையில் ஊற்றினால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பெரியவர் போர்மேனுக்குப் புது எண்ணெய் கொடுத்து அனுப்பினார். கொண்டுவந்த பாட்டிலை மட்டும் கொடுக்கவில்லை. கொலை வழக்கில் கத்தியை எடுத்து வைப்பதுபோல அதைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார்.

இரண்டு நாள் தம்பி தன் அறையிலேயே சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, ஒரு வீடு பாத்திருக்கேன். மாசக் கடைசியில போயிடலாம்னு இருக்கோம்."

பெரியவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் ஒரு சௌகரியம்தான். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணன் ஒரு வார்த்தை சொன்னதுக்காகவா தம்பி?"

"ஒரு வார்த்தையா? நாலு பேர் முன்னாடி சொன்னாரு அண்ணி. தனியாக் கூப்பிட்டு கன்னத்துல ஒண்ணு வச்சிருந்தாக்கூட துடைச்சிட்டுப் போயிருப்பேன். நாலு பேர் முன்னாடி சொன்னதை நாலு பேர் முன்னாடி அவரே திருப்பி எடுத்துக்கட்டும். அப்பப் பாக்கலாம்."

"நீங்க நிஜமாவே அறுபத்தெட்டுதான் பிடிச்சீங்களா?"

அவன் அண்ணியை நேராகப் பார்த்தான். "அறுபத்தெட்டுதான். நீங்களும் கேக்கறீங்களே."

கேட்டிருக்கக்கூடாது என்று அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஆண்கள் ஆளுக்கொரு அறையில் படுத்திருந்தார்கள். சாதாரணமாக அந்த நேரத்தில் ஓரகத்திகள் இருவரும் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, யார் வீட்டில் என்ன என்று உலகத்தை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். அன்றைக்குச் சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புது வீட்டுல சமையலறை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் பெரியவள்.

"ஒருத்தர் நின்னா ரொம்பிடும் அக்கா."

"அப்ப நான் எங்க நிக்கறது?"

சின்னவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நான் என்ன செய்ய? அவரு மூஞ்சியப் பாக்கமுடியல. தூக்கத்துல கூட நம்பர் சொல்றாரு."

பெரியவள் எழுந்தாள். கீழே போய் ஜன்னலிலிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டாள். டிரம் அறைக்கு இறங்கி அறுபத்தெட்டு டிரம்மில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்தாள். இரண்டும் ஒரே தேன் நிறம். பார்வைக்கு ஒன்றும் வித்தியாசம் இல்லை.

"என் வீட்டுக்காரரோட விரலு சொல்லிச்சு, சரி. நமக்கும் ஆளுக்குப் பத்து விரலு இருக்கு, ரெண்டு கண்ணு இருக்கு. நாமளே பாத்துரலாம்."

"எப்படிக்கா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் அடுப்படியில நிக்கறேன்? பாப்போம். ஆனா ஒண்ணு. தப்பு உன் புருஷன் மேலயும் இருக்கலாம், என் புருஷன் மேலயும் இருக்கலாம். எது வந்தாலும் நீயும் நானும் மாறக்கூடாது. சரியா?"

"சரி" என்றாள் சின்னவள். குரல் கொஞ்சம் இழுத்தது.

முதலில் ஒரு தட்டை எடுத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு சொட்டு, அந்தப் பக்கம் ஒரு சொட்டு. தட்டைச் சாய்த்தால் எது முந்தி ஓடுகிறதோ அது மெலிந்த எண்ணெய். யோசனை நன்றாகத்தான் இருந்தது. சாய்த்தபோது டிரம் எண்ணெய் முன்னால் ஓடியது. போர்மேன் எண்ணெய் பாதி வழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா அக்கா!" என்று சின்னவள் குதித்தாள். "நம்ம டிரம்முதான் மெலிசு!"

பெரியவள் தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "அடி இவளே. போர்மேன் பக்கம் கடுகத்தனை விட்டிருக்க, டிரம் பக்கம் மிளகத்தனை விட்டிருக்க. பெரிய சொட்டு வேகமா ஓடாம என்ன செய்யும்?"

"வேணும்னு செய்யல அக்கா."

"தெரியும். கை தானா செஞ்சிருக்கு. உன் இடத்துல நான் இருந்தா ஒரு சொட்டை நாக்காலயே நக்கியிருப்பேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஆனால் கடுகு என்று வாய் சொன்னது பெரியவளின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் கடுகு டப்பாவை இறக்கினாள். ஒரே மாதிரி உயரமான இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவித் துடைத்து, ஒன்றில் இந்த எண்ணெய், ஒன்றில் அந்த எண்ணெய் என்று கழுத்து மட்டும் ஊற்றினாள். முதலில் சின்னவள், கடுகு எதற்கு, கனமாகப் போடுவோம் என்று சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றைத் தேடி எடுத்துவந்தாள். போட்டதும் அது 'டக்'கென்று அடியில் போய் உட்கார்ந்தது. எண்ண ஆரம்பிப்பதற்குள் ஆட்டம் முடிந்தது. கடுகுதான் சரிப்பட்டது. அது அவசரப்படாமல், எண்ணெய்க்கு நடுவே யாரையோ பார்க்கப் போகிற மாதிரி மெல்ல மெல்ல இறங்கியது.

"ஒரே அளவா பொறுக்கு. ஓரத்துல ஒட்டாம நட்ட நடுவுல விடு. விரலால விடாத, ஊக்கு நுனியில எண்ணெய் தொட்டு அதுல ஒட்டி விடு."

சின்னவள் விட்டாள். பெரியவளின் கால் பெருவிரல் எண்ணியது. டிரம் எண்ணெயில் கடுகு அடியைத் தொட நாற்பத்தொன்று ஆயிற்று. போர்மேன் எண்ணெயில் இருபத்திரண்டு.

வேறு கடுகு போட்டார்கள். நாற்பது, இருபத்திரண்டு. மூன்றாவது முறையும் அதே கதைதான்.

"அப்ப அவருதான்…" என்று ஆரம்பித்த சின்னவளால் முடிக்க முடியவில்லை. மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

தன் புருஷன் சொன்னதுதான் சரி என்று தெரிந்ததும் பெரியவளின் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. சின்னவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சொல்ல ஒன்றும் இல்லாததால், "சரி விடு, சரி விடு" என்று முதுகைத் தட்டினாள். பாட்டில்கள் இரண்டையும் அலமாரியில் அடுக்கிவிட்டு, இதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து தூறல். ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வந்தது. வேலை காத்திருக்குமா? இருநூறு பாட்டில் நிரப்பவேண்டும். இருவரும் கால்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு டப்பாவுக்கு அடியில் உட்கார்ந்தார்கள். பேச்சு ஓடவில்லை. பெரியவள் குழாயைத் திறந்தாள். கால் தட்டியது. இருபது வந்ததும் மூடினாள்.

சின்னவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "ரொம்பல அக்கா. ரெண்டு விரலு குறையுது."

"சரியாத்தானே எண்ணினேன்?"

"எண்ணிக்கை சரிதான். மழை நாள்ல எப்பவும் இப்படித்தானே? காலையில எண்ணெய்க்குச் சோம்பல். முப்பது வரைக்கும் விடுங்க. வெயில் வந்ததும் இருபதுக்கு இறங்கிக்கலாம்."

பெரியவள் முப்பது வரைக்கும் விட்டாள். அடுத்த பாட்டிலுக்கும் முப்பது. மூன்றாவதற்குக் குழாயைத் திறந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். பாட்டில் நிரம்பி வழிந்து சின்னவளின் மடியில் சொட்டியது.

"அக்கா! அக்கா, மூடுங்க!"

"ஏண்டி," என்றாள் பெரியவள். குழாயை மூடியது சின்னவள்தான். "அந்த போர்மேன் பாட்டிலை நேத்து நான் எங்கேர்ந்து எடுத்தேன்?"

"கடை ஜன்னல்லேர்ந்து."

"அங்க மத்தியானம் என்ன இருக்கும்?"

"வெயில் இருக்கும். பூனை கூட அங்கதான் வந்து படுக்கும்."

"டிரம் எண்ணெயை?"

"டிரம் அறையிலேர்ந்து. அங்க ஜில்லுன்னு…" சின்னவளின் வாய் திறந்தது. மூடவில்லை.

இருவரும் எழுந்து ஓடினார்கள். எண்ணெய்க் கால், வழுக்கியது. சின்னவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். அலமாரியில் இரவு முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் குளிர்ந்துகிடந்த பாட்டில்களை இறக்கினார்கள். கடுகு போட்டார்கள். டிரம் எண்ணெயில் ஐம்பத்துமூன்று. போர்மேன் எண்ணெயில் ஐம்பத்திரண்டு.

"ஒண்ணுதான்!" என்றாள் சின்னவள். "அக்கா, ரெண்டும் ஒண்ணுதான்!"

"இரு, குதிக்காத. நேத்தும் இப்படித்தான் அவசரப்பட்டு அழுதோம்."

பெரியவள் விடுகிற ஆள் இல்லை. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து இரண்டு பாட்டிலையும் கழுத்தளவு முக்கி வைத்தாள். தம்பி எடுத்துக்கொடுத்ததாகப் பழி சுமந்த முப்பத்திரண்டாம் நம்பரையும் கீழே போய்ப் பிடித்துவந்து மூன்றாவதாக அதே வாளியில் வைத்தாள். ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தார்கள். பிறகு கடுகு. டிரம் அறுபத்தெட்டில் ஐம்பது, போர்மேன் பாட்டிலில் ஐம்பது, முப்பத்திரண்டில் இருபத்துநாலு. கடைசியாக டிரம் அறுபத்தெட்டை எடுத்து வெந்நீரில் நிறுத்தினாள். அதே எண்ணெய், அதே பாட்டில். இப்போது கடுகு இருபதுக்கே அடியில் போய் உட்கார்ந்தது.

சின்னவள் அழுதாள். முந்தின நாள் அழுகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரியவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இனி தன் புருஷனிடம் போய்ச் சொல்லவேண்டியது தான்தான் என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது.

பெரியவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"கடுகா?" என்றார்.

"கடுகுதான்."

"இருபத்தெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குக் கடுகு சொல்லித்தருமா?"

"ஏங்க, உங்க விரலைக் குத்தம் சொல்லல. போர்மேன் மெஷின்லேர்ந்து சூட்டோட பிடிச்சாரு. சூடு ஆறாம கொண்டுவந்து மேஜையில வச்சாரு. சூட்டுல அது மெலிஞ்சுதான் இருந்துச்சு, உங்க விரலும் மெலிசுன்னுதான் சொல்லிச்சு. விரல் உள்ளதைத்தான் சொல்லிச்சு. அதுக்கு மேல தீர்ப்பு சொன்னது நீங்க."

சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவர் அப்படியே எழுந்து சமையலறைக்கு வந்தார். பாதி முகம் வெள்ளையாக வந்து நின்றவரைப் பார்த்துச் சின்னவள் தலைமுக்காட்டை இழுத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"நானே எண்ணறேன்" என்றார்.

பெரியவள் கடுகு விட்டாள். அவர் எண்ணினார். முதல் தடவை போர்மேன் பாட்டிலுக்கு அவர் எண்ணிக்கை குறையும்படி கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி எண்ணுவதைப் பெரியவள் கவனித்தாள். நாற்பத்திரண்டு என்றார். அவள் இன்னொரு கடுகை விட்டாள். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக எண்ணினார். ஐம்பது. டிரம் எண்ணெய்க்கும் ஐம்பது. முப்பத்திரண்டுக்கு இருபத்துநாலு. பிறகு இரண்டு கைவிரலிலும் சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தார். வெகுநேரம் தேய்த்தார்.

அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்றார்.

பெரியவளுக்கு அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஈரத்துண்டால் அவர் முகத்திலிருந்த நுரையைத் துடைத்தாள்.

"முழிக்கிறது சுலபம். நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. நாலு பேர் முன்னாடி திருப்பி எடுத்துக்கணுமாம்."

"அவன் சொன்னானா?"

"சொன்னாரு."

"நியாயந்தான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத் தெருவே பார்த்தது. மூன்று பாட்டில், ஒரு பொட்டலம் கடுகு, இரண்டு ஊக்கு. லேத் பட்டறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொல்லி பட்டறைக்காரரைக் கையோடு கூட்டிவந்தார். எதற்கு என்று கேட்டவரிடம், "அன்னிக்குக் கேட்டீங்கல்ல? இன்னிக்கும் கேக்கணும்" என்றார். தையல்காரப் பெண்களின் வீட்டைத் தேடிப்பிடித்து, ஒருத்தி குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றதும் வாசலிலேயே காத்திருந்து அழைத்துவந்தார். லாரி டிரைவர் மட்டும் சரக்கோடு வெளியூர் போயிருந்தார். தம்பியிடம், "வண்டியை எடு, வாளிக் கம்பெனிக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னார். தம்பி எடுத்தான். வேலை என்றால் மறுத்துப் பழக்கமில்லை அவனுக்கு. பின்னால் ஓரகத்திகள் இருவரும் மடியில் பாட்டில்களோடு உட்கார்ந்துகொண்டார்கள். போகும் வழியெல்லாம் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

கம்பெனிக்குள் பிளாஸ்டிக் உருகும் வாடை. கூரைத் தகடு தாழ்வாக இருந்ததால் உள்ளே உடம்பு வெந்தது. மெஷின் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து ஒரு வாளியைத் துப்பியது. வாளிக்கா அங்கே பஞ்சம்? ஒரு நீல வாளியில் தண்ணீர் வந்தது. பெரியவர் பாட்டில்களை அதில் நிறுத்தினார். வேலைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். போர்மேனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நீங்களே எண்ணுங்க" என்று பெரியவர் அவரிடமே கொடுத்தார்.

போர்மேன் எண்ணினார். லேத் பட்டறைக்காரர் எண்ணினார். தையல்காரப் பெண்களில் ஒருத்தி, மெஷின் மிதித்துப் பழகிய காலால் தட்டி எண்ணினாள். யார் எண்ணினாலும் அறுபத்தெட்டும் போர்மேன் பாட்டிலும் சேர்ந்தேதான் இறங்கின. முப்பத்திரண்டு பாதி நேரத்தில் இறங்கிவிட்டது.

"அப்ப மெஷின் ஏன் கொதிக்குது? நீங்க குடுத்த புது எண்ணெயும் கொதிக்கத்தான் செய்யுது" என்றார் போர்மேன்.

தம்பி மெஷினைச் சுற்றிப் போனான். அன்று கடையில் பேசியதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வெளியாட்கள் முன்னால் வந்த முதல் வார்த்தை அதுதான்: "இதென்னங்க?"

மெஷினுக்குப் பின்னால் எண்ணெயைக் குளிரவைக்கிற விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை முழுக்க மறைத்துக் கூரை வரைக்கும் வாளிகள் அடுக்கப்பட்டிருந்தன.

போர்மேன் பிடரியைச் சொறிந்தார். "இடம் பத்தலன்னு போன மாசந்தான் இங்க அடுக்கச் சொன்னேன்." பிறகு பெரியவரின் தோளைத் தட்டி, "சரிங்க, தப்பு எங்க பக்கந்தான். அதோட விடுங்க. டீ சொல்றேன்" என்றார்.

நல்ல சந்தர்ப்பம். பழியை போர்மேன் வாங்கிக்கொண்டார், டீயும் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் அதோடு நழுவியிருப்பார்கள். தன் புருஷனும் நழுவிவிடுவாரோ என்று பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

"டீ அப்புறம்" என்றார் பெரியவர். "வாளியை அடுக்கினது உங்க தப்பு. என் தப்பு வேற." அவர் குரல் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. "அன்னிக்கு நான் என் தம்பியைப் பாத்து, டிரம்மைத் தொடாதன்னு சொன்னேன். அவன் அறுபத்தெட்டுதான் பிடிச்சேன்னு ரெண்டு தடவை சொன்னான். நான் கேக்கல. சூடான எண்ணெயையும் குளிர்ந்த எண்ணெயையும் ஒப்பிட்டுப் பாத்தது நான். அரைகுறையாப் பாத்துட்டு அவனைப் பேசினது நான். பதினாலு வயசுலேர்ந்து அவன் என்கூட டிரம் உருட்டறான். ஒரு தடவை நம்பர் மாத்திப் பிடிச்சதில்ல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னதை…"

"போதும்ண்ணே" என்றான் தம்பி. நாலு பேர் முன்னால் சொல்லவேண்டும் என்று கேட்டவன் அவன்தான். ஆனால் அண்ணன் அப்படித் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"நீ சும்மா இருடா. நான் இன்னும் முடிக்கல. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டாச்சுங்க" என்றார் லேத் பட்டறைக்காரர்.

சின்னவள் பெரியவளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தம்பி அண்ணன் கையிலிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கி மூடினான்.

"வாண்ணே, வீட்டுக்குப் போலாம்."

பெரியவர் நகரவில்லை. இத்தனை பேர் முன்னால் உடையாமல் பேசிய குரல் இப்போது உடைந்துவிட்டது.

"எந்த வீட்டுக்குடா?"

"என்னண்ணே கேள்வி இது?" என்றான் தம்பி. "நம்ம வீட்டுக்குத்தான். மூணு நாளா ஒழுங்கா சாப்பிடல, பசிக்குது."